கூலி வேறு, சந்தோசம் வேறு



ஆடி பிறந்தால் குறிகட்டுவான் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடையாது. பண்ணைப் பாலம் தாண்டும்போதே நடைபாதை முழுக்கப் பெரிய பெரிய பெட்டிகள். கனடா, சுவிஸ், லண்டன், பிரான்ஸ் என்று லீவுக்கு வந்திருக்கும் நம் ஊர் உறவுகள். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, வாணர் பாலம் எல்லாம் தாண்டி இறுப்பிட்டிக்குப் போய்ச் சேரும்வரை அவர்களின் பிள்ளைகள் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். தினமும் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற எங்களுக்கும் அது சந்தோசம்தான்.

நம்மில் சிலர் இந்த லீவில் இங்கிருந்து வெளியே போகிறோம். பலாலியால் சென்னைக்கு, கட்டுநாயக்காவால் மலேசியாவுக்கு, உம்றாவுக்கு. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் பொதுவான தலையிடி ஒன்று இருக்கிறது. பெட்டியைத் தூக்குகிறவருக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுக்காவிட்டால் என்ன?

சின்ன விஷயம் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். போன கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் கேட்ட கேள்விக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். இருவரும் பேசிப் பேசித்தான் இதை எழுதினோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் உம்மாவை உம்றாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். லண்டனில் இருக்கும் மாமா அனுப்பிய காசும் நாங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசுமாகத்தான் அந்தப் பயணம். திரும்பி வரும் வழியில் ஒரு விமான நிலையம். எந்த ஊர் என்று எழுத விருப்பமில்லை. பேரீச்சம்பழப் பெட்டி, ஸம்ஸம் போத்தல், உம்மாவின் பெட்டி எல்லாவற்றையும் ட்ரொலியில் அடுக்கிக்கொண்டு நிற்கிறோம். உடுப்பைப் பார்த்தால் வேலையாள் மாதிரி இருந்த ஒருவர் ஒன்றும் கேட்காமல் ட்ரொலியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பாஷையும் தெரியாது. எவ்வளவு என்று கேட்கவும் வெட்கம். நூறு மீற்றர்கூட இருக்காது. வாசலில் கையை நீட்டி இருபது டொலர் கேட்டார்.

எங்களிடம் அவ்வளவு இல்லை. இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம். சத்தம் கூடியது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கையில் இருந்த ஒரு தாளை ட்ரொலியின் மேலே எறிந்துவிட்டு வந்தோம். அவர் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

உம்மா அந்த நேரத்தில் ஒன்றும் பேசவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். "அந்தாள் கேட்டது பிழைதான் மகன். ஆனா எறிஞ்சு குடுத்திருக்கக் கூடாது. உங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் எறிவாங்க."

எங்கள் வாப்பா யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது தையல் மெசினைக் கொண்டுபோக விடவில்லை. எங்களில் மூத்தவருக்கு அப்போது நாலு வயது, இளையவர் கைக்குழந்தை. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா உப்பு மூடையும் வெங்காய மூடையும் சுமந்துதான் எங்களை வளர்த்தார். ஊசி பிடித்த கை அது. முதல் ஒரு மாதம் தோள் முழுக்கக் காயம் என்று உம்மா சொல்வார்.

வாப்பா காசைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் யார் எப்படிக் கொடுத்தார்கள் என்பதை மறக்கமாட்டார். சிலர் பேசிய கூலியைக் கையில் வைத்து, "நானா, தேத்தண்ணி ஒண்டு குடியுங்க" என்று மேலே கொஞ்சம் வைப்பார்களாம். சிலர் பேசியதைக் குறைத்து, மிச்சத்தை மூடை மேலே எறிந்துவிட்டுப் போவார்களாம். அன்றைக்கு அந்த விமான நிலையத்தில் இரண்டாவது ஆள் நாங்கள்தான்.

அந்தப் போர்ட்டர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. கேட்காமல் ட்ரொலியைப் பிடித்ததும், கடைசியில் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டதும் பிழை. ஆனால் அந்தச் சண்டைக்கு முதற்காரணம், தொடக்கத்தில் "எவ்வளவு?" என்று நாங்கள் கேட்காததுதான். கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். உண்மையில் கேட்காமல் விட்டதுதான் மரியாதைக் குறைவு.

கூலியை வேலையாளின் வியர்வை உலர முதல் கொடுத்துவிடும்படி எங்கள் நபிகள் நாயகம் (ஸல்) கற்றுத் தந்ததை மத்ரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கு முந்திய படி ஒன்று உண்டு. அதை நாம் மறந்துவிடுகிறோம். இஸ்லாமியச் சட்டத்தில் கூலி ஒப்பந்தத்துக்கு இஜாரா என்று பெயர். வேலை எது, கூலி எவ்வளவு என்பது வேலை தொடங்க முதலே இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் வேலை வாங்கிவிட்டுப் பிறகு நம் மனம்போல் கொடுப்பது, கூட்டிக் கொடுத்தாலும் சரி, குறைத்துக் கொடுத்தாலும் சரி, ஒழுங்கான முறை அல்ல. எந்தச் சமயத்துப் பெரியவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

நம் பாஷையில் இதற்கு மூன்று சொல் இருக்கிறது. கூலி, சந்தோசம், இலஞ்சம்.

கூலி என்பது செய்த வேலைக்குரிய காசு. அது அவரின் உரிமை. நாம் போடும் தர்மம் இல்லை. சந்தோசம் என்பது கூலியைக் கொடுத்து முடித்த பிறகு, நம் மனதுக்குப் பிடித்து, நாமாக மேலே வைப்பது. சிங்களத்திலும் டிப்ஸைச் 'சந்தோசம்' என்றே சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். பெயரே சொல்கிறதே, இரண்டு பேருக்கும் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று. வற்புறுத்தி வாங்கினாலோ எரிச்சலோடு கொடுத்தாலோ அந்தப் பெயர் பொருந்தாது. இலஞ்சம் என்பது நமக்கு உரிமையில்லாத ஒன்றைப் பெறுவதற்காகவோ, வரிசையை வெட்டிப் போவதற்காகவோ கொடுப்பது.

விமான நிலையத்தில் இந்த மூன்றும் ஒரே கையால், ஒரே அவசரத்தில் நடப்பதால்தான் குழம்பிப்போகிறோம்.

இதைச் சரியாகச் செய்த ஒரு நாளையும் சொல்லவேண்டும். போன டிசம்பர் லீவில் உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனோம். பலாலியால்தான். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது, கட்டுநாயக்காவுக்கு இரவிரவாக வானில் போகிற கஷ்டம் முடிந்தது என்று எல்லோரும் சந்தோசப்பட்டோம். பிறகு கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்பவும் விமானம் வந்தது. சென்னையில் இறங்கி, எழும்பூர் ஸ்டேஷனில் நாகூர் ரயிலுக்குப் போனோம். நாகூரைப் பார்க்கவேண்டும் என்பது உம்மாவின் கனகால ஆசை.

ஸ்டேஷன் வாசலில் சிவப்புச் சட்டைக்காரர்கள். ரயில்வே உரிமம் பெற்ற சுமைகாரர்கள் அவர்கள். கையில் இலக்கம் போட்ட வில்லை கட்டியிருப்பார்கள். இந்த முறை பெட்டியில் கை வைக்க முதலே கேட்டோம். "அண்ணே, இந்த நாலு பெட்டியும் எங்கட கோச் வரைக்கும். எவ்வளவு?" அவர் ஒரு தொகை சொன்னார். நாங்கள் கொஞ்சம் குறைத்துக் கேட்டோம். ஒரு தொகையில் இரண்டு பேரும் தலையாட்டினோம். பெட்டிகளை இருக்கைக்குக் கீழே வைத்து முடிந்ததும் பேசிய கூலியைக் கையில் கொடுத்தோம். பிறகு உம்மா தன் பர்ஸைத் திறந்து, "இது தேத்தண்ணிக்கு மகன்" என்று தனியாக ஒரு தாளைக் கொடுத்தார்.

அவர் எங்கள் பேச்சைக் கேட்டு, சிலோனா என்று விசாரித்தார். எங்கள் நாட்டில் உங்களை என்ன பெயரால் கூப்பிடுவார்கள் தெரியுமா என்று கேட்டோம். கொழும்பு புறக்கோட்டையில் மூடை சுமக்கிறவர்களை 'நாட்டாமை' என்றுதான் சொல்வார்கள் என்றோம். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊர்ல நாட்டாமைன்னா தீர்ப்பு சொல்றவருங்க! சரத்குமார் படம் பாத்ததில்லையா?" ரயில் புறப்படும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்று உம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவர்களைக் 'கூலி' என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். தமிழில் கூலி என்பது வேலை செய்தவர் வாங்கும் காசின் பெயர். அது வாங்குகிற மனிதரின் பெயராகவே போய்விட்டது. 2016 ஆம் ஆண்டு இந்திய ரயில்வே பட்ஜெட்டில் அந்தப் பெயரை விட்டு 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்கச் சொன்னார்கள். பெயரை மாற்றினால் மட்டும் வயிறு நிறையாது என்பது சரி. ஆனாலும் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அண்ணே என்று கூப்பிட்டவருக்கு எறிந்து கொடுக்க மனம் வராது.

டிப்ஸ் பழக்கம் நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. கொடுத்தால் காசை மறந்து வைத்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடி வந்து தருவார்கள் என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே டிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த சம்பளம், மத்திய அரசின் சட்டப்படி மணிக்கு 2.13 டொலர்தான். 1991 இலிருந்து அந்தத் தொகை மாறவில்லை. மாநிலங்கள் சில கூட்டி வைத்திருக்கின்றன. ஆனால் பல இடங்களில் நாம் மேசையில் வைக்கும் டிப்ஸ்தான் அவர்களின் சம்பளம். அங்கே கொடுக்காமல் வருவது ஒருவரின் கூலியைப் பிடித்து வைத்ததற்குச் சமன். நம் நாட்டு ஹோட்டல்கள் பலவற்றில் பில்லிலேயே பத்து வீதம் சேவைக் கட்டணம் போட்டுவிடுகிறார்கள். பில்லைப் பார்க்காமல் இரண்டு தரம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சுமைகாரரின் டிப்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் 1865 இல் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு, புல்மன் என்ற ரயில் கம்பனி அந்தக் கறுப்பின மக்களைத் தன் படுக்கைப் பெட்டிகளில் போர்ட்டர்களாகச் சேர்த்தது. சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகளிடம் டிப்ஸாக வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். வயிறு நிறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு பயணிக்கும் பல்லைக் காட்ட வேண்டும். பயணிகள் அவர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்பதில்லை. கம்பனி முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரைச் சொல்லி எல்லோரையும் 'ஜோர்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். 1925 இல் பிலிப் ரண்டொல்ஃப் என்பவரின் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 1937 இல்தான் கம்பனியோடு ஒப்பந்தம் செய்ய முடிந்தது. அவர்கள் கேட்டது டிப்ஸைக் கூட்டச் சொல்லி அல்ல. ஒழுங்கான சம்பளமும் ஒழுங்கான வேலை நேரமும்தான் கேட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், டிப்ஸ் கூடக்கூட வேலையாளின் வாழ்க்கை நல்லாகும் என்று நாம் நினைக்கிறோம். பல நேரம் அப்படி நடப்பதில்லை. சம்பளம் கொடுக்கவேண்டியவர் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறார், வேலையாள் பயணியின் முகத்தைப் பார்த்து வாழவேண்டி வருகிறது.

சரி, இந்த லீவில் பயணம் போகிற உறவுகளுக்கு, பட்டுத் தெளிந்தவர்கள் என்ற முறையில் சில விஷயங்கள்:

1. கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் ட்ரொலி இலவசம். உங்களால் தள்ள முடியும் என்றால் நீங்களே தள்ளுங்கள். ஒருவர் வந்து பிடித்தால், சிரித்துக்கொண்டே, உறுதியாக, "வேண்டாம் தம்பி, நன்றி" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். எங்களுக்குச் சண்டை வந்ததே அந்த வெட்கத்தால்தான்.

2. உதவி வேண்டும் என்றால் தூக்க முதல் கேளுங்கள். எத்தனை பெட்டி, எவ்விடம் வரைக்கும், எவ்வளவு, எந்தக் காசில். இந்த நாலும் தெளிவாக வேண்டும். "இருபது" என்றால் இருபது ரூபாவா, ரியாலா, டொலரா என்று கேளுங்கள். கூலி வீதம் எழுதிய பலகையோ ரசீது தரும் கவுண்டரோ இருந்தால் அங்கேயே போங்கள்.

3. போகும் நாட்டின் சின்னத் தாள்களைத் தனியாக ஒரு பொக்கெற்றில் வைத்திருங்கள். பெரிய தாள்கள் இருக்கும் பர்ஸை வாசலில் திறக்க வேண்டாம். வெளிநாட்டுச் சில்லறைக் குற்றிகளை டிப்ஸாகக் கொடுக்காதீர்கள். பொதுவாக வங்கிகளும் காசு மாற்றும் இடங்களும் தாள்களைத்தான் எடுக்கும், குற்றிகளை எடுக்கமாட்டார்கள். வாங்கியவருக்கு அது வெறும் தகரம்.

4. வயது போனவர்களுக்கு வீல் செயார் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. ஐரோப்பாவில் அந்த உதவியை இலவசமாகச் செய்யவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தள்ளிக்கொண்டு வந்தவர் அன்பாகப் பார்த்துக்கொண்டார் என்றால் சந்தோசமாக ஏதாவது கொடுங்கள். அது உங்கள் விருப்பம். தராவிட்டால் அம்மாவை நடுவழியில் விட்டுவிடுவேன் என்கிற மாதிரி யாரும் கதைத்தால், விமான நிறுவனத்தின் கவுண்டரில் சொல்லுங்கள்.

5. குடிவரவு, சுங்கம், பாதுகாப்புச் சோதனை. இந்த மூன்று இடத்திலும் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. பாஸ்போட்டுக்குள் தாள் வைத்து நீட்டுவது கெட்டித்தனம் என்று சிலர் கதைப்பார்கள். அது இலஞ்சம். நம் நாட்டில் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளி. 'சந்தோசம்' என்று பெயர் வைத்தாலும் இலஞ்சம் இலஞ்சம்தான்.

6. எவ்வளவு கொடுத்தாலும் கையில் கொடுங்கள். முகத்தைப் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுங்கள்.

இனி நம் ஊர்க் கதை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

நயினாதீவு அம்மன் திருவிழாவும் வெளிநாட்டு லீவும் ஒன்றையொன்று தொட்டு வருகிற காலம் இது. குறிகட்டுவான் ஜெட்டியில் சனம் நிறைந்து வழிகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு கிழமையாக ஒழுங்காக வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். போன கிழமை ஒரு நாள் வந்தான். கூப்பிட்டுக் கேட்டோம்.

"ஏன் நேற்று வரேல்லை?"

"ஜெட்டியில நிண்டனான் சேர். பெட்டி தூக்கினனான். கனடாவில இருந்து வந்த மாமா ஒராள் அஞ்சாயிரம் தந்தவர். பிறகு இன்னொராள் இருவது டொலர்."

திட்ட வாயெடுத்தோம். அதற்கு முதல் அவன் கேட்டான். "சேர், உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

நக்கலாகக் கேட்கவில்லை. கணக்குப் பிள்ளை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கனடா டொலர் இருபது என்றால் நாலாயிரம் ரூபாவைத் தாண்டும். இரண்டையும் கூட்டினால் ஒன்பதாயிரத்துக்கு மேலே. எங்கள் மாதச் சம்பளத்தை நாளுக்குப் பிரித்தால் அதற்குக் கிட்டவும் போகாது. 2025 ஏப்ரலில் இருந்து நாட்டின் ஆகக் குறைந்த நாள் சம்பளம் சட்டப்படி 1,080 ரூபாவாக இருந்தது. அதை வைத்துப் பார்த்தால் எட்டு நாள் சம்பளத்தை ஒரு பதினாலு வயதுப் பிள்ளை ஒரு காலையில் எடுத்திருக்கிறான். அட்சரகணிதம் படித்தால் நாளைக்கு நல்லது என்று அவனுக்கு நாங்கள் எந்த வாயால் சொல்வது?

கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார், தான் அந்த வயதில் அதே ஜெட்டியில் நின்றது ஞாபகம் வந்திருக்கும், கையில் இருந்ததைக் கொடுத்திருப்பார். அந்த மனதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். யுத்தத்தில் இந்தத் தீவு வெறிச்சோடியபோது மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்களும். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பாரம் தெரியும். குளிருக்குள் இரவு பகலாக உழைத்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கிணற்றுக்கும் அவர்களின் காசு வந்திருக்கிறது. அதை மறக்க முடியாது.

ஆனால் அந்த ஐயாயிரம் போன வழியைப் பாருங்கள்.

வருடம் முழுக்க அதே ஜெட்டியில் மூடை ஏற்றுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டிவிட்டது. நெடுந்தீவுக்குப் போகிற அரிசி, சீமெந்து, காஸ் சிலிண்டர் எல்லாம் அவர் தோளில்தான் போகும். அவர் சொன்னார்: "இந்த ரெண்டு மாசமும் எங்களை ஒருத்தரும் கணக்கெடுக்கினம் இல்லை மாஸ்ரர். பெடியளிட்டப் போயிடினம். ஆவணி முடிய அவையள் பிளேன் ஏறிப் போயிடுவினம். பெடியள் பிறகு பள்ளிக்கும் போறாங்களில்லை, உருப்படியா ஒரு வேலைக்கும் வாறாங்களில்லை. இன்னொரு டொலர்காரன் வருவான் எண்டு பாத்துக்கொண்டு நிப்பாங்கள்."

அடுத்தது, நெடுந்தீவுக்குப் போகிற வயதான அம்மா ஒருவர். ஒரு அரிசி மூடையைப் படகில் ஏற்றவேண்டும். முன்பு கொடுத்த கூலியை நீட்டினால் இப்போது பெடியன்கள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறதாம். நாம் அள்ளிக் கொடுத்ததன் விலையை, நம்மைப் போல் கொடுக்க முடியாத ஒருவர்தான் கட்டுகிறார். எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

"எங்கட காசு, நாங்கள் விரும்பினதைக் குடுப்பம், உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் லண்டனிலோ சூரிச்சிலோ, பள்ளிக்கூட நேரத்தில் பதினாலு வயதுப் பிள்ளை உங்கள் பெட்டியைத் தூக்க வந்தால் கொடுப்பீர்களா? பொலிஸுக்கு அல்லவா சொல்வீர்கள். இங்கேயும் சட்டம் இருக்கிறது. பதினாறு வயது வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும். வேலைக்கு வைக்கிற குறைந்த வயதையும் 2021 இல் பதினாலில் இருந்து பதினாறாகக் கூட்டிவிட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு ஆகாதது எங்கள் பிள்ளைக்கும் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை கொண்டுவந்த காசு வீட்டில் அடுப்பெரிக்கிறது என்றால், அந்தக் கஷ்டத்தை எங்களிடம் வந்து சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்ப்போம். பிள்ளையை ஜெட்டிக்கு அனுப்பிவிட்டு, ஆள் சுகமில்லை என்று எங்களுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் மூன்றுதான்.

ஒன்று. ஜெட்டியில் ஒரு பலகை வைக்கலாம். ஒரு பெட்டிக்கு இவ்வளவு, ஒரு மூடைக்கு இவ்வளவு, ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டும். தொகையை நாங்கள் தீர்மானிக்க முடியாது. சுமக்கிற அண்ணைமாரையும் படகுக்காரரையும் பெரியவர்களையும் ஒன்றாக இருத்திக் கதைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நயினாதீவுக்கு வருகிற சிங்களச் சனத்துக்கும் அது உதவும், சண்டையும் குறையும்.

இரண்டு. பெட்டியைப் பெரிய ஆட்களிடம் கொடுங்கள். கூலியை முதலே பேசுங்கள். பேசியதை முழுதாகக் கொடுங்கள். மேலே சந்தோசம் கொடுக்க விருப்பம் என்றால் நம் ஊர்க் காசில், நம் ஊர் அளவில் கொடுங்கள்.

மூன்று. பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் இருந்தால், பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். அதிபரைக் காணுங்கள். சப்பாத்து இல்லாத பிள்ளை, சைக்கிள் இல்லாமல் நடந்து வருகிற பிள்ளை எல்லாவற்றின் விபரமும் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. ஒரு நாள் ஜெட்டியில் கை நீட்ட வைக்கிற ஐயாயிரத்தை, ஒரு வருடம் பள்ளிக்கு வர வைக்கிற ஐயாயிரமாக மாற்றலாம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். ஆடியும் ஆவணியும் அறுபத்திரண்டு நாள். மிச்சம் முன்னூற்றி மூன்று நாள். அந்த முன்னூற்றி மூன்று நாளும் ஜெட்டியில் யார் பெட்டியோடு வருவார் என்று கேட்டோம். பின் வாங்கில் இருந்து ஒருவன், "நெடுந்தீவு ஆச்சிதான் சேர் வருவா" என்றான். வகுப்பே சிரித்தது. எங்கள் பிள்ளையும் சிரித்தான். இந்தக் கிழமை மூன்று நாள் வந்திருக்கிறான். மிச்ச இரண்டு நாளும் அவன் வருவானா இல்லையா என்பது ஜெட்டியில் இறங்குகிற உங்கள் கையிலும் இருக்கிறது.

பயணம் போகிறவர்கள் நல்லபடியாகப் போய் வாருங்கள். வந்திருக்கிறவர்கள் ஊரில் சந்தோசமாக இருந்துவிட்டுப் போங்கள். பலகை விஷயமாக வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, ஜும்ஆ முடித்துக்கொண்டு நாங்கள் ஜெட்டியடிக்கு வருவோம். விருப்பமானவர்கள் வாருங்கள், இருந்து கதைப்போம். தேத்தண்ணி எங்கள் செலவு.